போவமா

சுடலைமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. லாரி கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துக் கோர்த்துவிடுவார். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி என்றால் மட்டும் மனுஷனுக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் வெட்கத்தை விட்டு, தூத்துக்குடியில் பட்டறை வைத்திருந்த ஜெசிந்தாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளை 'குரு' என்றே கூப்பிடுவார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

ஒரு காலையில் ஆவுடையம்மாள் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கணவர் போய்ச் சேர்ந்து நாலு மாதம்.

"கியரைப் போட்டு மிதிச்சா உதைக்குது," என்றார். "அவுக ஓட்டின பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் இப்படிச் செஞ்சதில்ல."

சுடலைமுத்து ஏறிப் பார்த்தார். கியரைப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் பெட்டி பிடித்தது. அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்தால் உதை. இறங்கி ஆயில் குச்சியை உருவி மோந்தார். எண்ணெய் கறுத்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"பிடிக்கிறதுக்குள்ள மிதிச்சு மிதிச்சு நாலு மாசத்துல பெட்டியைத் தீர்த்துட்டீங்கம்மா."

ஆவுடையம்மாள் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, கார் கதவுக்குள் குனிந்து ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"அவுக தொட்டதுன்னு இது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. இதையும் கெடுத்துட்டேன்."

சுடலைமுத்துவுக்கு ஏன்டா சொன்னோம் என்றாகிவிட்டது. உள்ளேயிருந்து ஜெசிந்தா வந்தாள்.

"மோந்து பாத்தீங்களே அண்ணே, தீஞ்ச வாடை வந்துச்சா?"

"இல்ல குரு."

"நாலு மாசத்துல தீர்த்திருந்தா தீஞ்சிருக்கும்."

ஆவுடையம்மாளை இடதுபக்க சீட்டில் உட்காரச் சொல்லி, அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சுடலைமுத்து பின்னால் ஏறிக்கொண்டார்.

"சார் எப்படிம்மா வண்டி எடுப்பாங்க?"

"எல்லாரும் எடுக்கிற மாதிரிதான். கியரைப் போடுவாக. என் பக்கம் திரும்பி, 'போவமா?'ன்னு கேப்பாக. நான் 'போவம்'பேன். எடுப்பாக."

"எப்பவுமா?"

"தெருமுனைக் கடைக்குப் போனாலும் கேக்கணும். ஒரு தடவை சண்டை, நான் வாயே திறக்கல. சொல்ற வரைக்கும் பிரேக்ல காலை வச்சுட்டு உக்காந்திருந்தாக."

ஜெசிந்தா பிரேக்கை மிதித்துக் கியரைப் போட்டாள். இடப்பக்கம் திரும்பினாள்.

"போவமா?"

ஆவுடையம்மாள் கைக்குட்டையை மடித்து மடியில் வைத்தார். காருக்கு அடியில் மெதுவாக 'டுக்' என்று பெட்டி பிடித்தது.

"போவம்," என்றார்.

வண்டி உதைக்காமல் நகர்ந்தது. பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"அப்போ கோளாறு என்ன குரு?"

"உள்ள ரப்பர் சீல் இறுகிப்போச்சு. ஆயில் அழுத்தம் ஏற நேரமாகுது. இது அஞ்சாறு வருஷத்துக் கோளாறுண்ணே. சார் கேட்டுப் பதில் வாங்குறதுக்குள்ள பெட்டி பிடிச்சிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது." ஆவுடையம்மாளைப் பார்த்தாள். "மாத்திடலாம். நீங்க எதையும் கெடுக்கலம்மா."

ஆவுடையம்மாள் மூச்சு விட்டார். சுடலைமுத்துவுக்குப் பழைய பாவத்தைக் கழுவிவிடும் ஆசை வந்தது.

"சார் விவரமான ஆளும்மா. கோளாறைக் கண்டுபிடிச்சுட்டுத்தான், பெட்டி பிடிக்கட்டும்னு அப்படிக் கேட்டிருக்கார்."

ஆவுடையம்மாள் முகம் வாடிப்போனது.

"அப்போ அது என்னைக் கேட்டது இல்லையா?" என்றார். "பெட்டிக்காகக் கேட்டதா?"

சுடலைமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை. ஜெசிந்தா எஞ்சினை அணைத்தாள்.

"எப்போலேருந்தும்மா கேக்க ஆரம்பிச்சாங்க?"

"வண்டி வாங்கின அன்னைக்கு. மாலையோட ஷோரூம் வாசல்ல நிக்குது, அப்பவே கேட்டாக."

"புதுப் பெட்டி காக்கவைக்காதும்மா," என்றாள் ஜெசிந்தா.