கை தூக்கும் பயிற்சி

சீடருக்கு வயது நாற்பத்தேழு. குருவுக்கு இருபத்தொன்பது. இதில் இருவருக்குமே சங்கடம் ஒன்றும் இல்லை. டைல்ஸ் கடை வைத்திருக்கும் வைரவன், கடல் நீச்சல் சொல்லித்தரும் ரெஜினாவை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார். ரெஜினா அவரை ‘சார்’ என்று கூப்பிட்டாள். கோவளம் பக்கத்து மணலில் அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், பிறகு சைக்கிளில் நாற்பது, பிறகு ஓட்டம் பத்து. மூன்றையும் அடுத்தடுத்து முடித்தால் கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள். வைரவனுக்கு அந்தப் பதக்கத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டால், வழுக்காத டயரைப் பற்றி அரை மணி நேரம் பேசி அனுப்புவார்.

அந்த ஞாயிறு காலை செல்போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“சீசனுக்கு முன்னாடி எதையாவது மாத்திடணும். கார்பன் வீல் போடட்டுமா? இல்ல, காத்தைக் கிழிக்கிற மாதிரி புது ஹெல்மெட் வந்திருக்கு, அதை வாங்கட்டுமா? எது முதல்ல?”

“லிஸ்ட் வச்சிருக்கீங்களா?”

வைரவன் போனை நீட்டினார். ரெஜினா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தாள். தண்ணீர் பாட்டிலைச் செருகி வைக்கிற கம்பிகூட அதில் இருந்தது. அதுவும் கார்பனில்.

“பதினோரு சாமான் சார்.”

“ஆமா.”

“பதினொண்ணும் சைக்கிளுக்கு.”

வைரவன் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அட, ஆமாம். எழுதின மனுஷனுக்கே அது இப்போதுதான் கண்ணில் பட்டது.

“சைக்கிள்ல நீங்க நம்ம குரூப்லயே ரெண்டாவது ஆளு,” என்றாள் ரெஜினா. “போன வருஷம் ரேஸை ஏன் முடிக்கல?”

“பஞ்சர் ஆயிடுச்சு மாஸ்டர்.”

“எத்தனாவது கிலோமீட்டர்ல?”

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மனைவி கேட்கவில்லை. முடிவுக் கோட்டில் ‘அப்பா’ என்று எழுதிய அட்டையோடு மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற மகள் மெய்யம்மையும் கேட்கவில்லை. “பரவால்லப்பா, டயர் என்ன பண்ணும்” என்று சொல்லிவிட்டு அட்டையை மடித்துக் காரில் வைத்துவிட்டாள். நம்பிவிட்டாளே என்பதுதான் ஒரு வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“பஞ்சர் இல்ல,” என்றார்.

போனைத் துண்டில் சுற்றி மணலில் வைத்தார்.

“சைக்கிள்கிட்டயே போகல மாஸ்டர். கடல்லயே முடிஞ்சுபோச்சு. முந்நூறு மீட்டர் இருக்கும், ஒரு அலை மூஞ்சில அடிச்சுது. தண்ணி குடிச்சிட்டேன். அதுக்கப்புறம் மூச்சே வரல. எவ்வளவு நேரம் தத்தளிச்சேன்னு தெரியாது. படகுக்காரங்கதான் சட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டாங்க.”

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதுமே பாதி பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு.

“படகைக் கூப்பிடக் கையைத் தூக்கலையா?”

“தூக்கினா அவுட்டுதானே.”

“யார் சொன்னா?”

“ரேஸுக்கு முன்னாடி மைக்ல என்னவோ சொன்னாங்க. நான் கவனிக்கல.”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“புது வாட்ச்சுல சாட்டிலைட் கிடைக்குதான்னு பாத்துட்டிருந்தேன்.”

ரெஜினா சிரித்துவிட்டாள். வைரவனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அவள் சின்னத் துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளினாள். “வாங்க சார்.”

“இன்னைக்கு என்ன பயிற்சி மாஸ்டர்?”

“கை தூக்குறது.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் படகிலிருந்தபடி சொன்னாள்: “அம்பது வீச்சு நீந்துங்க. அப்புறம் தூக்குங்க. மூச்சு நல்லா இருந்தாலும் தூக்கணும்.”

வைரவன் ஐம்பது எண்ணினார். காது உயரத்துக்குக் கையைத் தூக்கினார். படகு கொஞ்சம் வந்து பாதியிலேயே நின்றது.

“மாஸ்டர், இங்க.”

“பாதி தூக்கினா பாதி தூரம்தான் வருவேன்.”

அவர் கையை முழுசாக நீட்டினார். படகு பக்கத்தில் வந்தது.

“பிடிச்சுக்குங்க. பத்து மூச்சு விடுங்க.”

“பிடிச்சா அவுட்டு இல்லையா?”

“படகைப் பிடிச்சிட்டு முன்னாடி நகரக் கூடாது. ரூல் அதுதான். மூச்சு வாங்கிட்டு, கையை விட்டுட்டுப் போய்ட்டே இருக்கலாம்.”

“எத்தனை தடவை?”

“எத்தனை தடவை வேணாலும்.”

வைரவன் படகின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே மிதந்தார். முதலில் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு வருடம். நாலரை மணிக்கு அலாரம், வாயைக் கட்டின சாப்பாடு, வீட்டில் ஒரு பொய். மைக்கில் ஒருத்தர் விளக்கமாகச் சொன்ன விஷயத்துக்கு இத்தனை பாடு. பிறகு ஆத்திரமும் போய்விட்டது. அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று வழக்கமாக வருகிற யோசனை அன்றைக்கு வரவில்லை என்பதைக் கவனித்தார்.

“பத்து ஆச்சு சார். கிளம்புங்க.”

ஐம்பது வீச்சு. கை. படகு. பத்து மூச்சு. மறுபடியும்.

நாலாவது சுற்றில் ஒரு அலை நேராக முகத்தில் வந்து விழுந்தது. உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. நெஞ்சு அடைத்தது. போன வருடத்து அதே அடைப்பு. வைரவன் எண்ணிக்கையை விட்டுவிட்டு உடனே கையைத் தூக்கினார். படகு வந்தது. பிடித்தார், இருமினார், துப்பினார். இந்த முறை பத்து மூச்சு போதவில்லை, பதினாறு ஆனது. ரெஜினா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது மூச்சில் அவராகவே கையை விட்டுவிட்டு நீந்தினார்.

எட்டாவது சுற்றில் அவரைக் காணோம். ரெஜினா துடுப்பை வேகமாகப் போட்டு அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

“சார், கை எங்க?”

வைரவன் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். கரை எங்கோ இருந்தது.

“மறந்துட்டேன் மாஸ்டர்.”

கரைக்கு வந்து மணலில் மல்லாந்து படுத்தார். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பசித்தது. நாலு இட்லி சாப்பிட்டு மகளிடம் பஞ்சர் கதையை இன்றைக்கே உடைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. திட்டட்டும், சிரிக்கட்டும், எதுவானாலும் சரி. ஆனால் ஒரு முடிச்சு மட்டும் உள்ளே அவிழாமல் இருந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்க சார்.”

“ரேஸ் அன்னைக்குக் கரையில வீட்டுல எல்லாரும் நிப்பாங்க. நம்ம குரூப்பும் நிக்கும். நான் கையைத் தூக்கினா, அத்தனை பேரும் பாப்பாங்களே.”

ரெஜினா படகைக் கவிழ்த்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பாக்கணும்னுதானே சார் தூக்குறோம்,” என்றாள்.