முள்வேலிக்குள் ஓர் உண்ணாவிரதம்

சுற்றிலும் செங்குத்துப் பாறை என்பதால் பாறைக்குளத்தில் இறங்க ஒரே ஒரு படித்துறை. அதில் கல்லில் செதுக்கிய ஆமை ஒன்று உட்கார்ந்திருந்தது. படித்துறையையே அடைத்து முள்வேலி. குளத்துத் தண்ணீர் வேலிக்கு உள்ளே, தாகத்தில் தவித்த விலங்குகள் வேலிக்கு வெளியே!

அந்த ஆமையார் லேசுப்பட்டவர் இல்லை. முன்பு ஒரு முதலை குளத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் போட்டது. "யாரும் அதை அடிக்க வேண்டாம். அதுக்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு ஆமையார் படித்துறையில் உட்கார்ந்தார். முதலை வாலால் விளாசியது. அவர் அசையவில்லை. இருபது நாள் பட்டினி கிடந்தார். முதலைக்குப் பல் குத்திவிடும் குருவிகள்கூட வேலையை நிறுத்திவிட்டன. பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, முதலை காட்டைவிட்டே ஓடியது.

ஆமையார் காலமானதும் நரி சம்புலிங்கம் தானாகவே நினைவுக் குழுத் தலைவர் ஆனார். சிலை வைத்தார். சிலைக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேலி போட்டார். வேலிக்குப் பாதுகாப்பு வேண்டாமா? இரண்டு செந்நாய்களை நிறுத்தினார். அப்புறம் தினமும் அவர் மட்டும் உள்ளே போவார். சிலையைக் கும்பிடுவார். வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பார். மற்றவர்கள் தண்ணீருக்கு மலை தாண்டி நடந்தார்கள்.

ஆமையாரின் பிறந்தநாள் வந்தது. யானை வழக்கம்போல் வேலி வாசலை அடைத்திருந்த பாறையை உருட்டியது. சம்புலிங்கம் உள்ளே போனதும் மறுபடி மூடியது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அருமை விலங்குகளே! பட்டினி கிடப்பது எவ்வளவு புனிதம் தெரியுமா?"

அப்போது சினைமான் மருதாயி தள்ளாடி வந்து வேலியோரம் உட்கார்ந்தாள்.

"மலை தாண்ட என்னால முடியலை. இன்னிக்குத் தண்ணி இல்லைன்னா நானும் இல்லை, வயித்துல இருக்கிறதும் இல்லை. வேலியைப் பிரிங்கய்யா!"

சம்புலிங்கத்துக்கு வந்ததே கோபம்! "எழுந்திரு! ஆமையார் உட்கார்ந்த இடத்துல கண்டவங்க உட்காரக் கூடாது!"

"அவர் உட்கார்ந்த மாதிரிதானேய்யா நானும் உட்கார்ந்திருக்கேன்?"

"அது முதலை காலம்! இது நம்ம காலம்! டேய், இவளைக் கடிச்சு விரட்டுங்கடா! அகிம்சையா கடிங்க, ரத்தம் வரக் கூடாது!"

செந்நாய்கள் கடித்தன. ரத்தம் வந்தது. மருதாயி திருப்பி முட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மாலையோடு நின்ற குரங்குகள் மாலையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தன. முயல்களும் மயில்களும் உட்கார்ந்தன. செந்நாய்கள் எத்தனை பேரைத்தான் கடிக்கும்? வாய் வலித்து ஒதுங்கிக்கொண்டன.

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயி, வேலியை மிதிச்சுப் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்ண்ணே. நீங்க மிதிச்சா நாளைக்கு இன்னொரு வேலி போடுவாரு. போட்டவரே பிரிக்கட்டும்."

"அப்போ நானும் உட்கார்றேன்!" என்று யானை வாசல் பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் சம்புலிங்கத்துக்கு உறைத்தது. அவர் உள்ளே இருந்தார்! வெளியேற வேறு வாசலும் இல்லை!

"யானையாரே, பாறையை உருட்டுங்க! சாப்பிடப் போகணும்!"

"இன்னிக்கு நான் எந்த வேலையும் செய்யறதா இல்லைங்கய்யா."

ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது. "அடடா, ஐயா உண்ணாவிரதமா! எவ்வளவு புனிதம்! கை தட்டுங்கப்பா!"

காடே கை தட்டியது.

ஆமையார் இருபது நாள் தாங்கினார். இவருக்கு மத்தியானம் தாண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். சிலையைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசியில் வேறு வழியில்லாமல், முனகிக்கொண்டே, ஒவ்வொரு முள்ளாகத் தன் வாயாலேயே பிடுங்கிப் போட்டார். உதடெல்லாம் கிழிந்து தொங்கியது.

பொழுது சாயும் முன் வழி திறந்தது. மருதாயி இறங்கி, மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் வாயைக் கழுவிக்கோங்கய்யா. கிழிஞ்ச இடம் எரியும், எனக்குத் தெரியும்."

சம்புலிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மற்ற விலங்குகளுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார்.

பெரியவர்களின் சிலைக்கு மாலை போடுவது எவருக்கும் சுலபம். அவர்கள் செய்ததையே இன்னொருவர் செய்யும்போது விரட்டாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.