சிவப்பு அடித்த பம்பு

ஓடைப்பட்டியிலிருந்து திரும்பிய தணிகைவேல் செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலிலும் ஒன்று செடியிலும் போய் விழுந்தது. வேதியியலில் பெரிய பட்டம் வாங்கியவர். மலையடிவாரத்தில் சிவகாமி அம்மாளிடம் சீடராக இருந்தார். குருவைவிடச் சீடருக்கு மூன்று வயது கூடுதல். கோபம் இன்னும் கூடுதல்.

“இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாதும்மா!”

“என்ன ஆச்சு?”

ஆனது இதுதான். ஓடைப்பட்டியில் மூன்று அடிபம்புகள். கோயிலடிப் பம்பில் மட்டும் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்தது. பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிவிட்டன. இப்படியே விட்டால் எலும்பும் வளையும். போன மாதம் தணிகைவேல் தன் கையாலேயே அந்தப் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்தார். இன்று போய்ப் பார்த்தால், பம்புக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலையும் போட்டிருக்கிறார்கள். முன்பு பத்துக் குடம் நின்ற இடத்தில் இப்போது நாற்பது குடம்.

“சிவப்புன்னா ஆபத்துன்னு உலகத்துக்கே தெரியும்!”

“அம்மனுக்கு என்ன கலர்ல புடவை சாத்துவாங்க, தணிகை?”

தணிகைவேல் செடியில் விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்தார்.

“யார்கிட்டயாவது வாயத் தொறந்து சொன்னீங்களா?”

“பலகை எழுதி வச்சேனே. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு, தெளிவா.”

சிவகாமி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். “நடங்க.”

பம்படியில் குப்பாயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் மகள் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். முன்பற்கள் இரண்டும் பழுப்பு.

“பிள்ளை பல்லு இப்படி ஆனது இந்தத் தண்ணியாலதான், தாயி. விட்டா காலும் வளைஞ்சிடும்” என்றார் குரு.

குப்பாயி குடத்தை அப்படியே கவிழ்த்தாள். பிறகு தணிகைவேலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் சார், அன்னிக்கு அரை நாள் நின்னு பெயிண்ட் அடிச்சீங்க. நான்தான் மோரு கொண்டாந்து குடுத்தேன். அப்பவே சொல்றதுக்கென்ன? அம்மனுக்கு ஏதோ வேண்டுதலாக்கும்னு நெனச்சோம்!”

தணிகைவேல் தன் பலகையைச் சுட்டிக்காட்டினார்.

“மத்தவங்களுக்கு எப்படித் தெரியப்படுத்துறது?” என்று கேட்டார் குரு.

“வீடு வீடா நான் சொல்றேன். அதுவரைக்கும் இது இருக்கட்டும்.”

கோயில் வேம்பில் ஒரு கொத்தை ஒடித்துப் பம்பின் கைப்பிடியில் கட்டினாள். “அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை தொங்குனா, எவளாச்சும் உள்ள போயி தண்ணி கேப்பாளா?”

தூரத்தில் குடத்தோடு வந்த ஒருத்தி வேப்பிலையைக் கண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த பம்பைப் பார்த்து நடந்தாள்.

தணிகைவேலுக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா இது அநியாயம்? வேப்பிலை ஃபுளோரைடை என்ன பண்ணும்?”

“உங்க பெயிண்ட் என்ன பண்ணுச்சு?” என்றார் சிவகாமி அம்மாள்.