பந்தியில் சொன்ன பெயர்

"விளம்பரத்தை நிறுத்திப்போடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

வந்த களைப்புக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார் நாச்சிமுத்து. அறுபதைத் தொட்ட மனிதர். ஊரில் மணியோசை எஃப்.எம். என்ற வானொலி நிலையம் அவருடையது.

தவமணியம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவது அவர் வேலை. நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் இவருக்குக் குரு. ஞானத்துக்கு யார் வயசுச் சான்றிதழ் கேட்கிறார்கள்?

"இப்ப என்ன ஆச்சுங்க?" என்றார்.

"போன மழைக்கு அணையைத் திறந்துவிட்டாங்கம்மா. ஆத்தோரம் இருக்கறவங்க மேடேறுங்கன்னு எங்க நிலையத்துல சொல்லிட்டிருக்கோம். பாதியில கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு விளம்பரத்தைப் போட்டுருச்சு. 'மணக்குது மணக்குது, முத்தாயம்மா எண்ணெய்!' கேட்டவரு ஒருத்தரு கடுப்பாகி ரேடியோவை அணைச்சுட்டாரு. மனுசங்க தப்பிச்சாங்க. அவரு பட்டி ஆடெல்லாம் தண்ணியில போச்சு."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளான்னிக்குப் பத்திரத்துல கையெழுத்து. போட்டா நிலையம் ஒரு அறக்கட்டளைக்குப் போயிரும். நடத்தறது நான்தான், ஆனா விளம்பரம் கிடையாது. போட்டுறலாம்னு மனசு சொல்லுது. வேலை செய்யறவங்களை நெனச்சாத்தான் பயம். விளம்பரம் இல்லாம எவன் காசு குடுப்பான்?"

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"உக்காருங்க."

இலை விழுந்தது. நாச்சிமுத்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இந்த அரிசி கருப்பணன் மண்டியில குடுத்தது!" காதருகே கத்தினார் தவமணியம்மா.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி என்று அடுத்த கவளம் எடுத்தார்.

"இந்தப் பருப்பு ராக்கியண்ணன் கடையில குடுத்தது!"

மூன்றாவது கவளத்துக்குப் புளியைக் கொடுத்தவர் பெயர் வந்தது. நாலாவதுக்கு மறுபடியும் கருப்பணன். நாச்சிமுத்துவுக்குப் புரையேறிவிட்டது.

"அம்மா, மனுசனைத் திங்க விடுங்க!"

"விடறேன். நாளைக்கும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

மறுநாள் மத்தியானம் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பும் வேலை நாச்சிமுத்துவுக்கு. முதல் பந்தி நிரம்பிய நேரத்தில் ஒரு அம்மா வந்தார். நைந்த சேலை, முந்தானையெல்லாம் எண்ணெய்க் கறை.

"உள்ள இடமில்லைங்க. அப்படி ஓரமா நில்லுங்க. அடுத்த பந்தியில பாக்கலாம்."

"சரிங்க" என்று அந்த அம்மா வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

நாச்சிமுத்து தனக்கென்று பிடித்துவைத்திருந்த கடைசி இலையில் போய் உட்கார்ந்தார். இன்று யாரும் கத்தவில்லை. யார் பெயரும் வரவில்லை. கத்தரிக்காய் வதக்கலில் தேங்காயெண்ணெய் மணந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இன்னைக்குத்தானுங்கம்மா சோறு சோறா இருந்துச்சு. அந்த எண்ணெய் வாசம் இருக்குதே!"

"அப்படீங்களா?" தவமணியம்மா ஒரு காலி எண்ணெய் டின்னை அவர் கையில் கொடுத்தார். "இதை அவங்ககிட்டக் குடுத்துருங்க. மாசாமாசம் நிறைச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு, காலி டின்னுக்கு வருவாங்க."

"யாருங்க?"

"வாசல்ல ஓரமா நிக்கச் சொன்னீங்களே, அந்த முத்தாயம்மா."

நாச்சிமுத்து அந்தப் பெயரைத் தினம் பத்து தடவை கேட்டிருக்கிறார், வாரம் ஒரு தடவையாவது திட்டியிருக்கிறார். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. டின்னோடு வேப்பமரத்தடிக்கு ஓடினார்.

"மன்னிச்சுக்கோணும். நான் மணியோசை நாச்சிமுத்துங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்களாங்க அது! எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருந்தப்ப உங்க காலைப் பாட்டுத்தானுங்க அவருக்குத் துணை. கடைசி நாள்கூடப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுனாரு. அதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலீங்க. உங்க ஆபீசுக்கு வந்து பணம் குடுத்தேன்."

"விளம்பரத்துக்குத்தானுங்களே?"

"நான் எங்கீங்க விளம்பரம் கேட்டேன்? சும்மா குடுத்தா வாங்கறதுக்கு எங்ககிட்ட வழியில்லைன்னு சொல்லி, உங்க ஆளுதான் எம்பேரை வெச்சு ஒரு பாட்டுக் கட்டிப் போட்டுட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சுங்க. நம்ம செக்குல ஆட்டற எண்ணெய் அக்கம்பக்கத்துக்கே பத்தறதில்லை."

நாச்சிமுத்து கையிலிருந்த காலி டின்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆத்துத்தண்ணி சேதிக்குக் குறுக்க எம்பேரு வந்துச்சுங்களே, ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலீங்க" என்றார் முத்தாயம்மா.

"அது உங்க தப்பில்லீங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. டின்னைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவை முன்னால் விட்டுப் பின்னாலேயே நடந்தார்.

இரண்டாம் பந்திக்கு இலை போட்டிருந்தது. முத்தாயம்மாவை உட்காரவைத்து நாச்சிமுத்துவே பரிமாறினார். எல்லோரும் சோற்றில் கை வைக்கப் போன நேரம் அவர் நடுவில் வந்து நின்றார். இருபது வருஷம் மைக் பிடித்த குரலில் சொன்னார்.

"ஒரு நிமிசம். அரிசி கருப்பணன் குடுத்தது. பருப்பு ராக்கியண்ணன் குடுத்தது. எண்ணெய், இதோ உக்காந்திருக்கற முத்தாயம்மா குடுத்தது. அவங்க நல்லா இருக்கோணும்."

சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பந்தியில் இருந்தவர்கள் முத்தாயம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு, இலையில் கை படும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

தவமணியம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லலீங்களா?"

"சாப்பிடறாங்கம்மா" என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "நான் புறப்படறேனுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடோணும்."