கோழிக்குச் சொன்ன வைத்தியம்

ரைஸ்மில்காரர் பெண்டாட்டி விசாலாட்சி செல்லமாக வளர்த்த கோழிக்கு முட்டை அடைத்துக்கொண்டது. முக்கி முக்கி இறக்கை தொங்கிப்போய்விட்டது. அதை விசாரிக்கத் தெருவே கூடிவிட்டது என்றால் பாருங்கள்!

விசாலாட்சி வேலைக்காரி செவந்தியைக் கூப்பிட்டாள். "சாயங்காலத்துக்குள்ள முட்டை இறங்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

செவந்தி ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் கயிறும் கொண்டுவந்தாள். செம்பைக் கோழி முதுகில் வைத்துக் கட்டப் போனாள்.

"என்னடி பண்றே?"

"தண்ணி சுமந்தா தானா இறங்கிடும்மா."

"அறிவிருக்கா உனக்கு? வலியில துடிக்கிறதைச் சுமக்க வச்சா செத்துடாதா?"

கூட்டமும் ஆமாம் என்றது.

செவந்தி செம்பைக் கீழே வைத்தாள்.

"போன ஆடியில எனக்கு வலி எடுத்தப்ப நீங்க சொன்ன வைத்தியந்தாம்மா. குடம் குடமாச் சுமந்தேன். புள்ள செத்துத்தான் இறங்குச்சு."