டென்மார்க்கில் நம்ம வீடு

மந்திக்குளத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அதனால் அப்படியே இருக்கிறது. அந்த ஊரிலிருந்துதான் சுடலைமணி, பலவேசம், இசக்கிமுத்து என்று மூன்று வாலிபர்கள் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் டென்மார்க்குக்குத் தேர்வானார்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று மாதம் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் வீட்டில் தங்கி வேலை பார்க்க வேண்டும். அவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் அங்கேயே பால்பண்ணைப் படிப்பு. இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊர். சுடலைமணியின் அப்பா சிவனணைந்தானோ, "டென்மார்க் சிங்கமே" என்று பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸே வைத்துவிட்டார். கையெழுத்து இல்லாமல் திரும்பினால் சுடலைமணி அதன் கீழேதான் வந்து இறங்க வேண்டும்.

"போற இடத்தை உங்க சொந்த வீடா நினைக்கணும். அதுக்குத்தான் மார்க்கே," என்று சென்னை அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

போன முதல் நாளே மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஏலே, நம்ம வீட்ல பகல்ல கதவைச் சாத்துவோமா?" என்றான் பலவேசம்.

"சாத்துனா யாரோ செத்துட்டாக, துஷ்டி வீடுன்னுல்லா ஊரே அழ வந்துரும்!" என்றான் இசக்கிமுத்து.

வாசல் கதவை விரியத் திறந்து, செங்கல் கிடைக்காததால் பெரிய சீஸ் கட்டி ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். ஜனவரி மாதம். கூடத்தில் முழங்கால் அளவு பனி.

மாலையில் பண்ணைக்காரர் ஆண்டர்ஸும் மனைவி கிர்ஸ்டனும் தொழுவத்திலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தார்கள். நம் வீட்டுக்கு ஆள் வந்தால் சும்மா விடலாமா?

"வாங்க, வாங்க! பயணமெல்லாம் சௌகரியமா?" என்று சுடலைமணி சொம்பில் தண்ணீர் நீட்டினான். சமையலறைப் பக்கம் போன கிர்ஸ்டனை, "விருந்தாளி அடுப்படிக்கு வரலாமாக்கா?" என்று பிடித்து உட்கார வைத்தார்கள். கூடத்துப் பனியை ஒதுக்கி இருவருக்கும் பாய் விரித்தார்கள்.

பத்து நாள் ஆயிற்று.

"நல்ல மனுசங்கதான். எப்பக் கெளம்புதாகன்னுதான் தெரியல," என்றான் பலவேசம்.

"கேட்டுராதல, மனசு சங்கடப்படும். பெறகு கையெழுத்து?" என்றான் சுடலைமணி.

பதினோராம் நாள் ஆண்டர்ஸ், மூன்று மாதத்துக்கும் சேர்த்து "மிகவும் திருப்தி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியோடு பெட்டியைத் தூக்கினார். மூவரும் புளிச்சோறு கட்டிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் ஆள் வர வேண்டுமே. திட்டக்காரர்கள் அந்தத் தம்பதியை மந்திக்குளத்துக்கே அனுப்பினார்கள், சிவனணைந்தான் வீட்டுக்கு.

"உங்க சொந்த வீடா நெனச்சுக்கிடுங்க," என்று வாசலில் வரவேற்றார் சிவனணைந்தான். ஆண்டர்ஸின் போன் அதை மொழிபெயர்த்ததுதான் தாமதம், இருவரும் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்கள். சிவனணைந்தான் தெருவில் நின்றார். இப்போது அது அவர்கள் வீடு, தட்டுவது மரியாதை இல்லையே.

பட்டப்பகலில் சாத்திய கதவு! அரை மணியில் பந்தல் வந்தது, மேளம் வந்தது, பெண்கள் மாரடித்து அழுதார்கள். பஸ் ஸ்டாண்ட் பிளெக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து டென்மார்க்கிலிருந்து போன் வந்தது.

"யப்பா! கையெழுத்து கெடச்சிட்டு! படிப்புல சேந்துட்டேன்!"

தேம்பிக்கொண்டிருந்த சிவனணைந்தான் மூக்கைச் சிந்தினார். "ரொம்பச் சந்தோசம்ல. பெறகு பேசுதேன். நம்ம வீட்ல யாரோ தவறிட்டாகளாம். யாருன்னு கேக்கத்தான் நானும் வரிசையில நிக்கேன்."