கர்னல் மெமரிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல்

டேய், லேப்டாப் ஹேங் ஆனா அதோட மண்டையில தட்டுற கூட்டமே, இதக் கேளுங்க.

திருப்பூர்ல ஒரு கம்பெனி. பனியன் துணியில ஓட்டை விழுந்தா கண்டுபிடிக்கிற கேமரா மெஷின் செய்யுறாங்க. காலேஜப் பாதியில விட்ட மயில்சாமி அங்க புதுசு. கேமராப் படம் மொதல்ல கர்னல் மெமரிக்கு, அதாவது கம்ப்யூட்டரையே ஓட்டுற மூளையோட சொந்த இடத்துக்கு, வரும். அங்கிருந்து புரோகிராமுக்குக் காப்பி ஆகுறதுக்குள்ள, ஓட்டை விழுந்த துணி ஓடியே போயிரும்.

வேர்க்குற வெயில்லயும் கோட்டு போடுற ஆர்க்கிடெக்ட் வெங்கடவரதன் சொன்னாரு: "காப்பி பண்ணக்கூடாது. கர்னல் மெமரியில புரோகிராம் கை வெக்கவும் கூடாது. ஆனா படம் உடனே தெரியணும். முடியலன்னா நீ வேற வேலை பாத்துக்க."

மயில்சாமி அந்தக் கர்னல் மெமரியவே புரோகிராமோட அட்ரஸ்ல மேப் பண்ணி, படம் இருக்குற எடத்துலயே புரோகிராம் நேராப் பாக்குற மாதிரி செஞ்சுட்டான். காப்பியே இல்லாம படம் தெரிஞ்சுது. ஓட்டையும் சிக்குச்சு.

வெங்கடவரதன் கத்தினாரு: "கதவத் தொறந்து விட்டுட்டியே! எவன் வேணா உள்ள கிறுக்குவானே!"

"கதவில்லீங் சார், கண்ணாடி ஜன்னல். வேணும்னா நீங்களே கிறுக்கிப் பாருங்க."

மெஷின் வாங்க வந்திருந்த கஸ்டமர் முன்னாடியே வெங்கடவரதன் ஒரு புரோகிராம் எழுதிக் கிறுக்கினாரு. அவரு புரோகிராம் அங்கயே செத்துச்சு, மெஷின் அது பாட்டுக்கு ஓடுச்சு. கஸ்டமர் சிரிச்சுட்டாரு. மயில்சாமி வேலை தப்பிச்சுது.

அவன் நேரா பக்கத்து சீட்டு ஜுலேகாவப் போய்க் கும்பிட்டான்.

"ரொம்ப நன்றிங்க்கா. படிக்க மட்டும்னு அதப் பூட்டினது நீங்க. நான் எழுதவும் சேத்துல்ல தொறந்து வெச்சிருந்தேன்!"